எங்கடை நோ

ஊஸ்டர் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கம் போடும் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது மருத்துவம் படிக்கிறார்கள், சிலர் படித்து முடித்து வார்டுகளில் ஓடித் திரிகிறார்கள், அவர்களுக்குப் பிரயோசனமாக ஒரு நோயாளியின் வாயால் ஆலோசனை வரட்டுமே என்றார். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கோ அண்ணை. உங்களுக்கு அனுபவம் இருக்குத்தானே" என்று சொல்லிக்கொண்டு என் காலைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர் போலத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அனுபவம் இருக்கிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நல்லதாக எழுதத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். டொக்டர் பிள்ளைகள் இதை வாசித்து ஏதாவது படித்தால் படிக்கட்டும். படிக்காவிட்டால் அவர்களுக்குப் படிப்பிக்க இன்னொருத்தன் தன் காலைக் கொண்டுபோவான்.

நான் சமையல்காரன். குளிர்காலம் முழுவதும் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை, மிச்ச நாட்களில் ஊஸ்டரில் வீடு. மனைவி வசந்தி முதியோர் இல்லம் ஒன்றில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறாள். ஒரே மகள் ஆரணி. இங்கேயே பிறந்தவள். நான் விழுந்த அந்தக் குளிர்காலத்தில் அவள் மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள், வார்டில் பெரியவர்களுக்குப் பின்னால் நின்று வேலை பழகும் வருடம்.

விழுந்தது பெரிய கதை இல்லை. காலைச் சாப்பாடு முடிந்து எச்சில் வாளியைக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோனேன். படியில் பனிக்கட்டி. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம். எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. நாளெல்லாம் கோழியும் ஆடும் வெட்டுகிறவனுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. சட்டி கழுவும் போர்த்துக்கேயப் பெண் ஓடிவந்து, சாப்பாட்டு மேசைக்குப் போடும் வெள்ளைத் துணியால் என்னைப் போர்த்தாள். சூப்பர்வைசர் வந்து முதலில் துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பள்ளத்தாக்கிலேயே உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் யோனாஸ் என்ற இளம் டொக்டரைச் சந்தித்தேன். டொக்டராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. என் பெயரையும் முகத்தையும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் தொடங்கினார். நான் இந்த ஊர் மொழியான ஜெர்மனில் பதில் சொன்னேன். என் ஜெர்மன் குசினி ஜெர்மன்: வெங்காயம் உரி, அடுப்பைக் குறை, கெதியாக்கு. இவ்வளவு வருடமும் அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. யோனாஸ் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று மறுபடி ஆங்கிலத்துக்கே போனார். நல்ல மனம்தான். அந்த நல்ல மனத்தில்தான் என் கால் போனது.

முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்துவிட்டது, அதன் நடுக் குழாய்க்குள் நீளமான ஒரு கம்பியை இறக்கிப் பொருத்த வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். அடுத்தநாள் காலை சத்திரசிகிச்சை. பெரிய டொக்டர் செய்தார், நன்றாகவே செய்தார். அதில் ஒரு பிழையும் இல்லை என்று பிறகு பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எலும்பு நேராக நின்றது. அந்த நேரான எலும்பையும்தான் பிறகு அரிந்து எறிந்தார்கள்.

மத்தியானம் கண்விழித்தபோது கால் மரத்துக் கிடந்தது. பின்னேரம் சரியத் தொடங்கியபோது வந்தது.

அது என்னவென்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவராவது தெரிந்துகொண்டு வாசிக்கட்டும். கெண்டைக்காலில் உள்ள தசைகள் சும்மா கிடப்பதில்லை. தனித்தனிக் கட்டாக, ஒவ்வொன்றும் ஒரு உறைக்குள் இருக்கிறது. அந்த உறை இழுபடாது. முறிவுக்குப் பிறகு உள்ளே இரத்தமும் வீக்கமும் கூடினால் தசைக்கு விரிய இடமில்லை. சொசேஜ் தோலுக்குள் அளவுக்கு மிஞ்சி அடைத்த இறைச்சி மாதிரி இறுகிப்போகும். அந்த இறுக்கத்தில் சின்ன இரத்தக் குழாய்கள் அடைபட்டு, தசையும் நரம்பும் மூச்சில்லாமல் சாகத் தொடங்கும். சில மணித்தியாலத்துக்குள் உறையைக் கீறித் திறந்துவிட்டால் கால் தப்பும். பிந்தினால் தப்பாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. நோயாளி சொல்லும் நோதான் முதல் அடையாளம். விபத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் அளவான நோவைவிட மிஞ்சிய நோ, மருந்துக்கு அடங்காத நோ, கால்விரலை மெல்ல மேல்நோக்கி இழுத்தால் உயிர் போகும் நோ.

அப்படித்தான் நொந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மணியை அழுத்தினேன். வயதான ஒரு நேர்ஸ் வந்தாள், பொறுமையான மனுசி. "வே, வே" என்றேன். நொந்தால் ஜெர்மனில் அதுதான் சொல்வது. குளிசை தந்தாள். மறுபடி அழுத்தினேன். சேலைனில் மருந்து ஏற்றினாள். மூன்றாவது தடவை அழுத்தியபோது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு டொக்டரைக் கூப்பிட்டாள். அவளுக்கு ஏதோ பட்டிருக்கிறது.

யோனாஸ் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கையில் பாதி தின்ற அப்பிள். அவருக்கும் அன்று சாப்பிட நேரம் கிடைக்கவில்லைப் போல.

"பெயின்?" என்றார்.

"நோ" என்றேன்.

தமிழ்நாட்டில் வலி என்பார்கள். புத்தகங்களிலும் வலி. எங்கள் வாயில் அது வராது, எங்களுக்கு நோ. வயிற்றில் நோ, நெஞ்சில் நோ, குளிசை போட்டால் நோ குறையும், பிள்ளை விழுந்தால் எங்கே நோகுது என்று கேட்போம். ஆங்கில நோவும் எனக்குத் தெரியும், பாலர் வகுப்பிலேயே தெரியும். அது எப்படி உமக்கு உறைக்காமல் போனது என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். கால் நெருப்பில் கிடக்க, மயக்க மருந்தின் மிச்சம் தலையில் கிறுகிறுக்க, எந்த மொழியில் சொல்லுவோம் என்று வாய் என்னிடம் கேட்டுவிட்டா பேசும்? அவர் கேட்டது பெயின் இருக்கிறதா என்று. என் வாய்க்குத் தெரிந்த பதில் நோ.

"நோ பெயின்? குட்" என்றார்.

"நோ. பெரிய நோ" என்றேன். தலையையும் ஆட்டினேன். எங்கள் தலையாட்டு அவர்களுக்கு இல்லை என்பது போலத்தான் தெரியும்.

அவர் போர்வையை விலக்கி என் பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். நாடி இருந்தது. பெருவிரலைத் தூக்கிக் காட்டினார், எல்லாம் சரி என்று. டொக்டர் பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். இந்த நோயில் பாதத்தில் நாடி கடைசி வரைக்கும் இருக்கும். பெரிய குழாயில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் தசை செத்துக்கொண்டிருக்கும். நாடி இருக்கிறது என்று போர்வையை மூடிவிட்டுப் போகிறவர், வாசலில் ஆள் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் நெருப்பு எரிவதைப் பார்க்காமல் போகிறவர். அவர் என் கெண்டைக்காலைக் கையால் அமுக்கிப் பார்க்கவில்லை. கட்டை அவிழ்க்கவில்லை. விரலை இழுக்கவில்லை. ஒரு தடவை இழுத்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்க நான் கத்தியிருப்பேன், அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டிருக்காது.

இருளத் தொடங்கியபோது நேர்ஸ் மறுபடி அவரைக் கூட்டிவந்தாள். இருவரும் என் தலைக்கு மேலே ஜெர்மனில் கதைத்தார்கள். இவர் நன்றாக இல்லை என்று அவள் சொன்னாள், அவ்வளவு எனக்கு விளங்கியது. என்னிடம் இல்லை என்றுதானே சொல்கிறார் என்று அவர் சொன்னதும் விளங்கியது. யாரைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் விளங்கவில்லை. மறுபடி பெயின் என்று கேட்டார், மறுபடி நோ என்றேன். அவர் நேர்ஸைப் பார்த்தார், பார்த்தீர்களா என்பது போல. பயந்துபோயிருக்கிறார், தூங்க ஏதாவது கொடுங்கள் என்றார்.

அப்போதுதான் மேசையில் இருந்த என் போன் அடித்தது. ஆரணி. யோனாஸ் எடுத்துக் கதைத்தார். மகளும் மருத்துவம் படிப்பவள் என்று அறிந்ததும் அவர் குரலே மாறியது, சக டொக்டரோடு கதைக்கும் சந்தோஷம். நாடி நன்றாக இருக்கிறது, நோ இல்லை என்று சொல்லியிருக்கிறார். பிறகு போனை என் காதில் வைத்தார்.

"அப்பா, டொக்டர் எல்லாம் ஓகே எண்டுறார். ஷ்மெர்ட்ஸன் இருக்கோ? கூடவோ?"

"நோ பிள்ளை. நோ."

"ஷுவரோ?"

"ஓம்."

"சரி அப்பா, நல்லம். நான் கடைசி ட்ரெயினிலை வெளிக்கிடுவம் எண்டு நிண்டனான். அப்ப நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆறுதலா வாறன். நித்திரை கொள்ளுங்கோ."

எங்கள் வீட்டு மொழி இப்படித்தான். வலிக்கு அவள் ஜெர்மன் சொல்லைப் போடுவாள், வேண்டாம் என்பதற்கு ஆங்கிலச் சொல்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடவோ என்றால் "நோ அப்பா". முதலில் அதற்காக ஏசினேன், பிறகு நானும் பகிடிக்கு அப்படியே சொல்லப் பழகினேன். ஆகவே அவள் காதில் விழுந்தது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் விழும் நோ. நான் சொன்னது மற்றது. அவள் வைத்த பிறகு ஏதோ பிழைத்துவிட்டது என்று எனக்குப் பட்டது. என்ன பிழை என்று பிடிபடுவதற்குள் தூக்க மருந்து என்னை இழுத்துக்கொண்டுபோனது.

காலையில் கண்விழித்தபோது நோ குறைந்திருந்தது. கால் எங்கோ தூரத்தில் கிடப்பது போல இருந்தது. கடவுளே என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். யோனாஸ் வந்து எட்டிப் பார்த்தபோது "தாங்க் யூ, டொக்டர்" என்றேன். அவரும் சந்தோஷமாகப் போனார். நரம்பு செத்தால் நோவும் செத்துவிடும் என்பது பிறகு நான் படித்த பாடம். செத்த நரம்புக்கு நன்றி சொன்ன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள். வசந்தி இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், மலை ரயிலில் சொதி கொஞ்சம் சிந்திப் பையெல்லாம் மணத்தது. அவள் அதைத் துடைத்துக்கொண்டு நிற்க, ஆரணி வந்ததும் வராததுமாகப் போர்வையை விலக்கினாள். சுகம் கேட்கவில்லை, காலைப் பார்த்தாள். கெண்டைக்காலில் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. பிறகு பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நகத்தால் கிள்ளினாள்.

"அப்பா, இது தெரியுதோ?"

"எது?"

"இப்ப?"

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எப்ப தொடக்கம் அப்பா?" என்று கேட்டாள்.

"நேற்றுப் பின்னேரம் தொடக்கம் நோ, நோ எண்டு சொல்லிக்கொண்டுதானே கிடக்கிறன். ஒருத்தருக்கும் விளங்கேல்லை" என்றேன்.

யோனாஸ் கதவருகில் வந்து நின்றார். அவள் திரும்பி ஜெர்மனில் கேட்டாள், இவர் நேற்றிலிருந்து நோகிறது என்று சொல்கிறாரே என்று. இல்லை, ஒவ்வொரு முறையும் நான் கேட்டேன், நோ என்றுதான் சொன்னார் என்றார் அவர். ஆரணி அவரைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "எங்கள் மொழியில் நோ என்றால் வலி." அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

போனில் தான் கேட்ட நோவை அவள் அந்த நேரம் நினைக்கவில்லை. நான் நினைத்தேன்.

அதன் பிறகு எல்லாரும் ஓடினார்கள். இரண்டு பக்கமும் கெண்டைக்காலை நீளத்துக்குக் கீறித் திறந்தார்கள். பிறகு ஹெலிகொப்டரில் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் மயக்கி, செத்த தசையை வெட்டி எடுத்துக் கழுவினார்கள். செத்த தசையின் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் என்று போத்தல் போத்தலாகச் சேலைன் ஏற்றினார்கள். என் சிறுநீர் சாயம் கூடின தேத்தண்ணி நிறத்தில் போனது. கீறின இடத்தைத் தைக்கவில்லை, வீக்கம் வற்றும்வரை திறந்தே விடுவார்களாம். ஒருநாள் கட்டு மாற்றும்போது பார்க்க வேண்டாம் என்று நேர்ஸ் சொன்னாள். பார்த்தேன். வாழ்நாள் முழுக்க இறைச்சி பார்த்த கண். எது நல்லது, எது வாளிக்குப் போக வேண்டியது என்று எனக்குத் தெரியும். டொக்டர்மார் இன்னும் காப்பாற்றலாம் என்று கதைத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே நான் காலைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டேன்.

வசந்தி ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் காத்திருக்கும் அறையில் இருந்தாள். வேலை முடிந்து நேரே வருவாள், கையில் சவர்க்கார மணம் போயிராது. நான் மயக்கம் தெளிந்து வந்ததும் மற்றக் காலை எடுத்து மடியில் வைத்து உருவிவிடுவாள். நோகிற கால் இது இல்லை என்று சொன்னேன் ஒருநாள். "தெரியும். தொடக்கூடியது இதுதானே" என்றாள். விபத்துக் காப்புறுதி எல்லாச் செலவையும் பார்த்துக்கொண்டது, அந்த வகையில் இந்த நாட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காலை வெட்டின பிறகு பார்க்க வந்த சனம்தான் பெரிய செலவு. முழங்கால் தப்பினதே பெரிய காரியம் என்றார் ஒருவர். இப்ப செயற்கைக் காலோடை ஓட்டப் போட்டியே ஓடுறாங்கள் என்றார் இன்னொருவர். இரண்டு காலோடும் பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனுசன் அவர்.

கடைசியில் கிருமி பிடித்துக் காய்ச்சல் ஏறியது. காலா உயிரா என்று வந்தபோது கேள்வியை மகள்தான் எனக்குத் தமிழில் கேட்டாள். வெட்டச் சொல்லு என்றேன். அவள் போய்ச் சொன்னாள். வெட்டினார்கள்.

வெட்டிய பிறகும் அந்தப் பாதம் நொந்தது. இல்லாத பெருவிரலை யாரோ திருகுவது போல. மூளையில் காலுக்கென்று இருக்கும் இடம் காலோடு போய்விடாது, அது காலைத் தேடிக்கொண்டே இருக்கும் என்று ஒரு டொக்டர் விளங்கப்படுத்தினார். செத்த கால் உடம்போடு இருந்தபோது நோகவில்லை, குப்பைக்குப் போன பிறகு நோகிறது.

ஆரணி அந்த நாட்களில் ஒரேயொரு ஆளைப் பற்றித்தான், யோனாஸைப் பற்றித்தான், கதைத்தாள். வருவாள், கால்மாட்டில் தொங்கும் சார்ட்டைப் பார்ப்பாள், புண்ணைப் பார்ப்பாள், பிறகு தொடங்குவாள். அவனை விடமாட்டன் அப்பா. முதலாம் வருடப் பிள்ளைக்கும் தெரியும், கெண்டைக்கால் முறிஞ்சால் விரலை இழுத்துப் பாக்கவேணும் எண்டு. நோயாளியின்ரை மொழி தெரியாட்டி மொழிபெயர்க்க ஆளைக் கூப்பிடோணும். கட்டிலிலை இருந்து முகத்தைப் பாத்துக் கேக்கவேணும். அவன் நிண்டு ஒரு சொல்லிலை கேட்டிட்டுப் போயிருக்கிறான். அவள் சொன்னது எல்லாம் சரி. ஒன்றும் பிழை இல்லை. விடு பிள்ளை என்று தாய் சொன்னால் தாயையும் கடித்தாள். அந்தக் கோபத்தைத் தின்றுதான் அவள் நடமாடினாள். நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பிறகு ஒருநாள் யோனாஸும் அவருடைய பெரிய டொக்டரும் மலையிலிருந்து இறங்கி என்னைப் பார்க்க வந்தார்கள். இப்படி வருவது இங்கே ஒரு வழக்கம், தவறு நடந்தால் முகத்துக்கு முகம் வந்து சொல்வது. காலையில்தான் கட்டு மாற்றியிருந்தார்கள். நான் நல்ல மனநிலையில் இல்லை. ஆரணி கட்டிலின் ஒரு பக்கம், அவர்கள் மறுபக்கம். மொழிபெயர்க்கிறது அவள்தான். வேறு ஆள் ஒழுங்குபடுத்தலாம் என்றார் பெரிய டொக்டர். தேவையில்லை, ஒரு சொல்லும் விடாமல் நானே சொல்வேன் என்றாள்.

பெரிய டொக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு யோனாஸ் தொடங்கினார். நான் வருந்துகிறேன் என்றார். அதற்கு மேல் போகவில்லை, அழுதுவிட்டார். மூக்கைத் துடைக்க ஒன்றும் இல்லாமல் புறங்கையால் துடைத்தார். நான் அவரை வெறுக்கத்தான் நினைத்தேன். நன்றாக வெறுத்துக்கொண்டும் இருந்தேன். அழுகிற ஆளை வெறுக்கிறது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

ஆரணிக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. அவரை ஜெர்மனில் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். கட்டை அவிழ்த்தீர்களா. இல்லை. விரலை இழுத்தீர்களா. இல்லை. நேர்ஸ் எத்தனை தடவை கூப்பிட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலைகுனிந்து பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களோ அப்பா. ஒரு மனுசன் நோ, நோ எண்டு கத்துது. அதைக் கேட்டுட்டு விளங்காமல் போனவன் என்ன டொக்டர்? இவன் இனி ஒருத்தரையும் தொடக்கூடாது. நீங்கள் சொல்லுங்கோ, நான் சொல்லுறன்."

இல்லாத பெருவிரல் அந்த நேரம் திருகியது. அவள் முகத்தைப் பார்த்தேன். தன் பக்கம் முழு நியாயமும் இருக்கிற முகம்.

"நீ கேட்டனியோ?" என்றேன்.

"என்னத்தை?"

"அண்டைக்குப் பின்னேரம் போனிலை ஷ்மெர்ட்ஸன் இருக்கோ எண்டு கேட்டனி. நான் நோ எண்டனான். ரெண்டு தரம் சொன்னனான். ஷுவரோ எண்டனி, ஓம் எண்டனான். இந்தப் பெடியனுக்குத் தமிழ் தெரியாது. உனக்குத் தெரியும்."

வசந்தி ஜன்னலோரம் நின்றாள். "இஞ்சாருங்கோ" என்றாள்.

ஆரணியின் கண் எங்கோ பின்னால் போய், அந்தப் பின்னேரத்தை எடுத்து, அந்தச் சொல்லை மறுபடி கேட்டது. அவள் கேட்டு முடித்ததை நான் பார்த்தேன். என்ன சொல்கிறார் என்று பெரிய டொக்டர் ஜெர்மனில் கேட்டார். ஒன்றுமில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது. அவள் நிமிர்ந்து, கைகளைக் கட்டிலின் கம்பியில் வைத்து, நான் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சுத்தமான ஜெர்மனில் சொன்னாள். ரெண்டு தரம் சொன்னனான் என்பதையும் சொன்னாள். உனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். யோனாஸ் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பெரிய டொக்டர் தரையைப் பார்த்தார்.

சொல்லி முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள். "வேறை ஏதும் சொல்லவேணுமோ அப்பா?"

இல்லை என்றேன். அந்த இல்லையை மிகத் தெளிவாகச் சொன்னேன்.

அவளைக் காயப்படுத்தத்தான் சொன்னேனா என்று வசந்தி அன்று பின்னேரம் கேட்டாள். "கால் போனது போதாதோ உங்களுக்கு?" என்றாள். ஓம், காயப்படுத்தத்தான் சொன்னேன். நொந்தது, அருகில் இருந்தவளுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். சொன்னது உண்மை, ஆகவே அதைத் திருப்பி எடுக்கவும் இல்லை.

ஆரணி எந்த முறைப்பாடும் கொடுக்கவில்லை. யோனாஸ் இப்போதும் டொக்டராகத்தான் இருக்கிறார், கவனமான டொக்டர் என்று கேள்வி. ஆரணியும் டொக்டராகிவிட்டாள், எலும்பு முறிவு வார்டில். எங்கள் சனம் அங்கே போய்வந்து அவளைப் பற்றித் தோத்திரம் பாடுகிறார்கள். கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் கதைப்பாளாம். பெயின் இருக்கோ என்று கேட்கவே மாட்டாளாம். கையால் தொட்டுக் காட்டுங்கோ, நேற்றையைவிடக் கூடவோ குறையவோ, என்ன செய்தால் கூடுது, சொன்னதை நான் விளங்கினது சரியோ என்று திருப்பிச் சொல்லிக் காட்டுவாளாம். கட்டுப் போட்ட காலை அவிழ்க்காமல் போக விடமாட்டாளாம். டொக்டர் பிள்ளைகளே, அப்படிச் செய்யுங்கள். இதுதான் செயலாளர் கேட்ட ஆலோசனை.

வேறை ஏதும் சொல்லவேணுமோ என்ற அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் என்னோடு தமிழில் கதைக்கவில்லை. சண்டை இல்லை, கோபமும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாளே ஜெர்மனில் தொடங்கினாள், பிறகு அப்படியே போய்விட்டது. சாப்பிட்டீங்களா என்பதும் ஜெர்மன், நான் வெளிக்கிடுறன் என்பதும் ஜெர்மன். என் குசினி ஜெர்மனை வைத்துக்கொண்டு அவளோடு நான் என்ன கதைப்பது? வெங்காயம் உரி என்றா? நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். மெதுவாக, எனக்கு விளங்கும்படி, சின்னச் சின்ன வசனமாக. ஒரு நல்ல டொக்டர் வெளிநாட்டு நோயாளியோடு கதைப்பது போல.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். குளிருக்கு வெட்டின இடம் கடுக்கும், அது அவளுக்குத் தெரியும். சப்பாத்தைக் கழற்றியதும் முதலில் என் கதிரைக்கு முன்னால் வந்து முழங்காலில் இருந்து, என் கண்ணைப் பார்த்து, நோ இருக்கோ என்று ஜெர்மனில் கேட்பாள்.

"அப்பா, ஹேஷ் ஷ்மெர்ட்ஸே?"

"நைன்" என்பேன், அவர்கள் மொழியில் இல்லை என்று.

தலையாட்டிவிட்டு எழுந்து, தாயோடு தமிழில் கதைக்கக் குசினிக்குள் போவாள். எனக்கு இங்கிருந்தே கேட்கும்.